மணலறிந்த நிதானம்

துபாயிலிருந்து ஹத்தா செல்லும் சாலையில் ஒரு மணி நேரத்துக்குள் எட்டிவிடக்கூடிய லஹ்பாபில், இரும்புச் சத்தினால் சிவந்து கிடக்கும் மணற்குன்றுகளின்மீது பக்கி வண்டியில் ஏறியிறங்குவதை மகா சாகசம் என்று வர்ணிக்கிறார்கள். ஆயினும் குழாய்ச் சட்டங்களே தேகமாய், கதவோ கண்ணாடியோ இல்லாத அவ்வண்டியில் அமர்ந்து, முன்னே சென்ற வழிகாட்டியின் தடம் பிசகாமல் தொடர்ந்தபோது என் மனத்தைக் கவர்ந்தது வேகமன்று, அவருடைய நிதானமே. காற்றடித்து இறுகிய சரிவில் சீறிக்கொண்டு ஏறுவார்; முகட்டை நெருங்குகையில் விசையைத் தளர்த்தி, அப்பால் என்ன இருக்கிறதென்று ஒரு க்ஷணம் எட்டிப் பார்த்து, பொலபொலவென்ற மறுசரிவில் நேர்கோடாய் மூக்கைக் கவிழ்த்து இறங்குவார்; குறுக்கே சாய்ந்தால் வண்டி உருண்டுவிடும். அஸ்தமனம் பார்ப்பதற்காக உச்சியொன்றில் எஞ்சினை அணைத்தபோதுதான், சக்கரத்தடியில் மணல் சரிகின்ற ஓசை, முறத்தில் தினை நழுவுவதுபோல் மெல்லக் கேட்டது.

சவாரி முடிந்து நடந்த கூடாரத்து விருந்தில் கரியில் வாட்டிய இறைச்சிக்குக் குறைவில்லை. ஒலிபெருக்கியின் சங்கீதந்தான் சற்றுக் குறைந்திருக்கலாம். ஆனால், தல்லா என்னும் வளைந்த மூக்குப் பாத்திரத்தை இடக்கையில் உயர்த்தி, வலக்கையிலிருந்த பிடியில்லாச் சிறு கிண்ணத்தில், ஏலம் மணக்கும் வெளிர்நிறக் காப்பியை ஒரு சொட்டும் சிந்தாமல் அடியளவே வார்த்துத் தந்தாரே ஒரு முதியவர், அந்தக் கையை மறப்பதற்கில்லை. சர்க்கரை கிடையாது, பேரீச்சம்பழமே துணை. போதுமென்றால் கிண்ணத்தை இலேசாக அசைத்துக் காட்ட வேண்டும். சம்பிரதாயம் தெரிந்திருந்தும், மூன்றாம் முறைவரையில் நான் அசைக்கவில்லை.