இரண்டாம் ‘பிளேடு’ படமும் சுவைஞர் தீர்ப்பும்

திரையரங்கை விட்டு வெளியேறும் ஒவ்வொருவரும் ஒரு தீர்ப்போடுதான் வெளியேறுகின்றனர். “நன்று” என்பர் சிலர். “நேரம் வீண்” என்பர் சிலர். பார்த்த படம் முன்னர் வந்த ஒன்றன் தொடர்ச்சியாயின், “முதல் படம் போல் இல்லை” என்னும் மூன்றாவது தீர்ப்பும் சேர்ந்துகொள்ளும். தீர்ப்புக் கூறுதல் யார்க்கும் எளிது. அதற்குரிய காரணத்தைப் படைப்பினுள்ளிருந்தே எடுத்துக் காட்டுதல்தான் அரிது. திறனாய்வு தொடங்கும் இடமும் அதுவே.

இரத்தக் காட்டேரிகளைப் பற்றிய அடிதடிப் படமொன்றைக் குறித்து எழுந்த கருத்துகளை இந்நோக்கில் ஆராய்வது மாணவர்க்குப் பயன் தரும். பெருங்காவியம் ஒன்றைப் பற்றிப் பேசுவோர், பெரியோர் முன்பே கூறியதைத் திருப்பிக் கூறுதல் உண்டு. பொழுதுபோக்குப் படத்தைப் பற்றியோ அவரவரும் தம் மனத்திற் பட்டதை அஞ்சாது உரைப்பர். ஆதலின், சுவைப்பவர் உள்ளம் இயங்கும் முறை ஈண்டு மறைவின்றிப் புலப்படும்.

படத்தின் வரலாறு

பிளேடு என்னும் பாத்திரம் 1973ஆம் ஆண்டில் அமெரிக்கச் சித்திரக்கதை ஒன்றில் தோன்றியது. எழுதியவர் மார்வ் வுல்ஃப்மன். வரைந்தவர் ஜீன் கோலன். கருவுற்றிருந்த தாயைக் காட்டேரி கடித்ததனால் பாதி மனிதனாகவும் பாதி காட்டேரியாகவும் பிறந்தவன் அவன். காட்டேரிகளின் வலிமை அவனுக்கு உண்டு. பகலொளி அவனைச் சுடுவதில்லை. ஆயினும் குருதி வேட்கை அவனையும் விடுவதில்லை. அதனை மருந்தால் அடக்கிக்கொண்டு, தன் உடலிற் பாதியாய் உள்ள இனத்தையே அவன் வேட்டையாடுகிறான்.

இக்கதையை 1998இல் ஸ்டீபன் நாரிங்டன் திரைப்படமாக இயக்கினார். வெஸ்லி ஸ்னைப்ஸ் நாயகனாக நடித்தார். அதன் தொடர்ச்சி 2002இல் வெளிவந்தது. எழுத்தாளர் டேவிட் கோயரும் நாயக நடிகரும் மாறவில்லை. இயக்குநர் மட்டும் மாறினார். மெக்சிக்கோ நாட்டவரான கில்லெர்மோ டெல் டோரோ அப்பொறுப்பை ஏற்றார். ஏறத்தாழ ஐந்தரைக் கோடி டாலர் செலவில் உருவான அப்படம் பதினைந்து கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. முதற்படத்தின் வசூலை இது விஞ்சியது. எனினும், வசூல் எத்துணைப் பேர் பார்த்தனர் என்பதைக் கூறுமேயன்றி, பார்த்தோர் எதனைக் கண்டனர் என்பதைக் கூறாது.

குறை கூறுவோர் வாதம்

குறை கூறியோர் முதன்மையாக மூன்று குற்றங்களைச் சாட்டினர். கதை மெலிந்தது என்பது ஒன்று. இறந்தவனை உயிர்ப்பித்தது பொருந்தாது என்பது மற்றொன்று. சண்டைக் காட்சிகளில் கணிப்பொறி வரைந்த உருவங்கள் பொம்மைகளாய்த் தோன்றுகின்றன என்பது மூன்றாவது.

பின்னிரண்டும் எளிதில் தள்ளத்தக்கன அல்ல. நாயகனை வளர்த்து ஆளாக்கிய விஸ்லர் என்னும் முதியவர் முதற்படத்தில் பகைவரால் கடியுண்டு, காட்டேரியாய் மாற விரும்பாமல், நாயகனிடம் துப்பாக்கியைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார். பின்னர் வெடியோசை மட்டுமே கேட்கிறது. அவ்வோசையைக் கேட்டுக் கலங்கியவர்க்கு, அவர் சாகவில்லை, பகைவர் பிடியில் இருந்தார் என்று இரண்டாம் படம் கூறுவது ஏமாற்றமாகவே இருக்கும். ஒரு முறை சிந்திய கண்ணீரைப் படைப்பாளி திரும்பப் பெற முயலுதல் கூடாது.

கணிப்பொறி உருவங்களைப் பற்றிய குறையும் அத்தகையதே. ஒளிவிளக்கு வரிசைக்கு முன்னே நாயகனும் முகமூடி அணிந்தோரும் பொரும் காட்சியில், உடல்கள் எடையற்றுத் தாவுகின்றன. விழுந்தால் வலிக்கும் உடல் என்று கண்ட அளவிலேயே பார்ப்பவர் மனம் பதைக்கும். வலியறியா உடலுக்காக எவர் மனமும் பதைப்பதில்லை. எள்ளல் நகைக்கு நிலைக்களம் என்பது தொல்காப்பியம் கூறும் உண்மை. மருட்கை பிறக்க வேண்டிய இடத்தில் நகை பிறந்தமைக்குக் காரணம் அதுவே.

இனி, புகழ்ந்தோர் நிலை என்ன? “சண்டைகள் விறுவிறுப்பு” என்பதற்கு மேல் அவருட் பலர் செல்லவில்லை. ஹாங்காங் நடிகர் டான்னி யென் சண்டை அமைப்பிற் பங்கேற்ற படமாதலின் அப்புகழ்ச்சியில் உண்மையுண்டு. ஆனால், விறுவிறுப்பு மட்டும் ஒரு படத்தை நெஞ்சில் நிறுத்தாது. அமெரிக்கத் திறனாய்வாளர் ரோஜர் ஈபர்ட் இப்படத்திற்கு நான்கு விண்மீன்களில் மூன்றரை அளித்தார். விண்மீன்களை எண்ணுவதோடு நில்லாமல், அம்மதிப்பைப் பெறுதற்குப் படத்தில் என்ன உள்ளது என்று நோக்குதலே முறை.

அச்சத்தின் நான்கு ஊற்றுகள்

கதை மெலிந்தது என்னும் முதற்குற்றச்சாட்டை ஆராயத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நல்லதோர் அளவுகோல் தருகிறது. அச்சம் நான்கு வழியாற் பிறக்கும் என்பது அந்நூலின் கருத்து. பேய் முதலிய அணங்கு ஒன்று, கொடிய விலங்கு மற்றொன்று, கள்வர் மூன்றாவது, தமக்கு மேலிருந்து ஆளும் இறை நான்காவது.

முதற்படத்தின் அச்சம் பெரும்பாலும் அணங்கிலிருந்தே பிறந்தது. இரண்டாம் படமோ நான்கனையும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கிறது. காட்டேரிகளையே கடித்துண்ணும் புதியதோர் இனம் பிராக் நகரில் தோன்றுகிறது. தாடை இரண்டாய்ப் பிளந்து விரியும் அவ்வுருவங்கள் விலங்கினும் கொடியன. வெள்ளியும் பூண்டும் அவற்றைக் கொல்லா. பகலொளி ஒன்றே கொல்லும். அவற்றுக்கு அஞ்சிய காட்டேரிகள், தம் பரம்பரைப் பகைவனாகிய பிளேடிடமே உதவி கேட்டு வருகின்றனர். அவனைக் கொல்லப் பயின்ற படையே அவன் ஆணைக்குக் கீழ் நடக்கிறது. அச்சுறுத்தும் அணங்கே அச்சமுற்று நிற்பது இப்படத்தின் புதுமை.

விலங்கைத் தொடர்ந்து கள்வன் வருகிறான். நாயகனுக்குக் கருவிகள் செய்து கொடுத்து, உடனிருந்து உண்ட இளைஞன் ஸ்கட், பகைவரின் ஆளென்பது பின்னர் வெளிப்படுகிறது. இறுதியில் இறை வருகிறான். காட்டேரிகளின் தலைவன் தமாஸ்கினோஸ், குறையற்ற இனமொன்றை ஆக்க விரும்பித் தானே நடத்திய சோதனையில் தோன்றியதே அக்கொடிய நோய். அந்நோயின் முதல் உருவாகிய நோமாக் அவன் மகன். தன் மகனே அவன் என்பதை மறைத்து, அவனை வேட்டையாடத் தன் மகள் நிசாவையே தமாஸ்கினோஸ் அனுப்புகிறான்.

கதை மெலிந்தது என்றோர் சண்டைகளை எண்ணினர். அச்சம் இடம் மாறிச் செல்வதை எண்ணவில்லை. வெளியிலிருந்த பகை வீட்டிற்குள் வந்து, முடிவில் தந்தையின் இருக்கையில் அமர்கிறது. இதுவே இப்படத்தின் கதையோட்டம்.

தந்தையர் இருவர்

இவ்வோட்டத்தை உணர்ந்தபின், விஸ்லரின் மறுவருகையும் வேறு ஒளியிற் காணத்தக்கது. அது நிகழ்ந்த முறை குற்றமே. அதன் பயன் குற்றமன்று. தமாஸ்கினோஸ் பெற்ற தந்தை. விஸ்லர் வளர்த்த தந்தை. பெற்றவன் தன் மக்களைச் சோதனைப் பொருளாக்குகிறான். வளர்த்தவரோ பிறர் பெற்ற பிள்ளைக்காகத் தம் உயிரையே வைக்கிறார். நோமாக்கிடம் காணப்படுவது வெறுங் கொடுமையன்று. பிணியாற் பிறந்த இளிவரலும், தந்தையால் வெறுக்கப்பட்ட மகனின் வெகுளியும் அதிற் கலந்துள்ளன. தன் தந்தை தப்பியோடும் வழியை நிசா தானே அடைக்கிறாள். தமையனாற் கடியுண்ட அவள், அவ்விலங்குகளுள் ஒன்றாய் மாற மனமின்றி, எழும் ஞாயிற்றின் முன் பிளேடின் கைகளிலேயே சாம்பலாகிறாள். அடிதடிப் படமொன்று அழுகைச் சுவையில் முடிவதைப் பார்த்தோரிற் பலர் குறிப்பிடாமலே விட்டனர்.

அளவுகோல் எது?

2004இல் கோயரே இயக்கிய மூன்றாம் படம் வந்தது. அது பலரை நிறைவு செய்யவில்லை. அதன்பின் இரண்டாம் படத்தின் மதிப்பு அவர் பார்வையில் உயர்ந்தது. இடையில் இரண்டாம் படத்தின் ஒரு காட்சியேனும் மாறவில்லை. ஒப்பிட்ட பொருளே மாறிற்று. ஒப்பீட்டை மட்டுமே நம்பும் தீர்ப்பு எத்துணை நிலையற்றது என்பதற்கு இது போதிய சான்று.

ஒப்பீடு தவறன்று, அது தொடக்கமாகலாம், முடிவாதல் கூடாது. தொடர்ச்சிப் படத்திடம் கேட்க வேண்டிய வினா, “முதற்படத்தைப் போல் உள்ளதா?” என்பதன்று. முதற்படம் கேளாத வினாவொன்றை அது கேட்டதா என்பதே கேட்கத்தக்கது. “பகைவன் எங்கே இருக்கிறான்?” என்று முதற்படம் கேட்டது, “பகைவனை ஆக்கியவர் யார்?” என்று இரண்டாம் படம் கேட்டது. பொம்மை உருவங்களும் பொருந்தா உயிர்ப்பும் உடைய படமே ஆயினும், இவ்வினாவைக் கேட்டமையால் அது தொடர்ச்சி என்னும் பெயருக்குத் தகுதி பெறுகிறது.

இப்படம் குருதி மிகுந்தது, சிறுவர்க்கு ஏற்றதன்று. அமெரிக்காவிலும் பதினேழு வயது நிரம்பாதோர் பெரியோர் துணையின்றிக் காணலாகாது என்று வரையறுக்கப்பட்டது. ஆயின், மேல்வகுப்பு மாணவர் இத்தகைய படங்களைப் பார்த்துவிட்டு வந்து பேசுவதைத் தடுத்தல் இயலாது. “அதெல்லாம் குப்பை” என்று ஆசிரியர் வாயடைத்தால், அதுவும் காரணம் காட்டாத தீர்ப்பே ஆகும். மாணவன் கூறிய “நன்று” என்பதனினும் அது ஒரு படி உயர்ந்ததன்று. “எந்த இடத்தில் அஞ்சினாய்? அவ்வச்சம் எதிலிருந்து பிறந்தது?” என்று கேட்கும் ஆசிரியரோ, மெய்ப்பாட்டியலை ஏட்டிலிருந்து எடுத்து அம்மாணவன் கையில் கொடுத்தவர் ஆவார். காட்டேரிப் படத்திற்குக் காரணம் காட்டப் பழகியவன், நாளை கம்பனுக்கும் இளங்கோவுக்கும் காரணம் காட்டுவான்.