ஆடும் படகு, கவிழாத படகு: நார்ட்காப் கயாக்

கயாக் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "ஆடாம இருக்குமா?" என்றுதான். நார்ட்காப் ஆடும். கரையோரத் தண்ணீரில் ஏறி உட்கார்ந்ததுமே இடுப்புக்குக் கீழே நெளியத் தொடங்கிவிடும். அந்த ஆட்டத்தைக் கண்டு இதை ஒதுக்கிவிடாதீர்கள்.

இது ஏரியில் சுற்றிவரச் செய்த படகு அல்ல. நார்வேயின் வடகோடிக் கரையில் 1975-இல் நடந்த பிரிட்டிஷ் துடுப்புப் பயணத்துக்காக ஃபிராங்க் குட்மேன் வடிவமைத்தது. 1977-இல் அவரும் மூன்று தோழர்களும் இதில்தான் கேப் ஹார்ன் முனையைச் சுற்றினார்கள். பிறகு எத்தனையோ திருத்தங்கள் வந்தாலும் சாயல் மாறவில்லை. நீளம் சுமார் 5.5 மீட்டர், அகலம் வெறும் 53 செ.மீ. கடற்கரை விடுதிகளில் வாடகைக்கு விடும், மேலே உட்கார்ந்து ஓட்டும் கயாக்குகள் பெரும்பாலும் 75 செ.மீ.க்கு மேல் இருக்கும்.

வேல்ஸ் நாட்டின் ஆங்கில்சி கரையில், பென்ரின் மாவர் முனையருகே இதை ஓட்டிப் பார்த்தேன். ஓதம் ஏறி இறங்கும் நேரத்தில் நீரோட்டம் அங்கே பாறைகளைத் தாண்டிப் பாயும். எதிர்க்காற்றும் சேர்ந்தால் அலைகள் செங்குத்தாக எழும்பி உடையும். அகலப் படகின் குறை தெரிவது இப்படிப்பட்ட இடத்தில்தான். தட்டையான அடிப்பாகம் தண்ணீர்ப் பரப்போடு ஒட்டியே கிடக்கும். அலை 25 டிகிரி சரிந்தால் படகும் ஏறக்குறைய அவ்வளவு சாயும், உட்கார்ந்திருப்பவரையும் சேர்த்து. ஓர் எல்லை வரை கவிழாமல் தாங்கிவிட்டு, அதைத் தாண்டியதும் ஒரேயடியாகக் கவிழ்ந்துவிடும்.

நார்ட்காப்பின் அடிப்பாகம் வளைவானது. பக்கவாட்டில் வரும் அலை அடியில் புகுந்து போகும். இடுப்பைத் தளர்வாக விட்டால் மேலுடம்பு நேராகவே நிற்கும். இடப்பக்கம் ஓர் அலை நுரைத்து உடைந்தபோது, வலது முழங்காலை மேல்தளத்தின் உட்புறம் அழுத்தி, படகை அலையின் பக்கமே சாய்த்து, துடுப்பைத் தட்டையாக நுரைமேல் வைத்தேன். சாயச் சாயப் பக்கச் சுவர் தண்ணீரில் இறங்கியது. மிதப்பு கூடி, அதற்குமேல் சாயாமல் பிடித்துக்கொண்டது. அலை எங்களைப் பக்கவாட்டில் கொஞ்ச தூரம் தள்ளிவிட்டு ஓய்ந்தது. இந்தப் படகின் அருமை முழுவதும் அந்தச் சாய்வில்தான் இருக்கிறது.

சைக்கிளைப் போலத்தான், நின்றால் ஆட்டம் அதிகம், ஓடினால் குறைவு. கூடாரம், குடிநீர் என்று கனமான சாமான்களைத் தாழ்வாக அடுக்கினால் இன்னும் அடங்கும். பின்காற்றில் திசை மாறாமலிருக்க, அடியில் இறக்கும் ஸ்கெக் என்ற தகடு உதவுகிறது.

நின்று மீன்பிடிக்க, படம் எடுக்க, பிள்ளைகளோடு உல்லாசமாகப் போக இது வேண்டாம். அதற்கு அகலப் படகே நல்லது. நீண்ட கடற்பயணம் போகிறவருக்கும் அலையில் பழக நினைப்பவருக்கும் தயங்காமல் சொல்வேன், வாங்கலாம். ஆனால் கவிழ்ந்த படகிலிருந்து வெளியே வரவும், துடுப்பால் உருட்டி நிமிர்த்தவும் ஒரு பயிற்சியாளரிடம் கற்றுக்கொண்ட பிறகே அலைக்குள் இறக்குங்கள். மிதவை அங்கியைக் கழற்றாதீர்கள், தனியாகவும் போகாதீர்கள்.