சிறையிற் கண்ட கனவு

எச். ஏ. கிருஷ்ண பிள்ளை இயற்றிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894-ஆம் ஆண்டில் வெளிவந்தது. கம்பர் நடையைத் தழுவிய அக்காவியத்தின் ஓசை நயத்தையும் சொல்வளத்தையும் வியந்து பேசும் தமிழன்பர் பலர். ஆனால் அதற்கு முதனூலாகிய ஆங்கில வசன நூல் எவ்விடத்தே கருக்கொண்டது என்று வினவுவோர் மிகச் சிலரே. அந்நூல் கருக்கொண்ட இடம் ஒரு சிறைச்சாலை. அதனை மறந்து நூலைப் படிப்போர், கனியைச் சுவைத்து வித்தை எறிந்துவிடுகின்றனர் என்பதே நம் கருத்து.

முதனூலின் ஆசிரியர் ஜான் பன்யன். 1628-ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் பெட்போர்டு நகரை அடுத்த எல்ஸ்டோ என்னும் சிற்றூரிற் பிறந்தவர். அவர் தொழில் ஓட்டைப் பாத்திரம் அடைத்தல். துருத்தியும் ஈயமுமாக லயத்து வாசலில் வந்தமர்ந்து, குடத்தையும் குண்டானையும் செப்பனிட்டுச் சென்ற தொழிலாளியை நம் முதியோர் நினைவிற் கொண்டு வருவாராக. பன்யனும் அத்தகைய ஒருவரே. கல்லூரி வாயிலை மிதித்தவரல்லர்.

அக்காலத்து இங்கிலாந்தில் அரசாங்கத்திற்கென ஒரு திருச்சபை இருந்தது. அதன் வழிபாட்டு முறையை ஏலாத சிறு கூட்டத்தார் தனித்துக் கூடி வழிபடுதல் குற்றம். பன்யன் அத்தகைய சிறு கூட்டத்திற் சேர்ந்து பிரசங்கம் செய்துவந்தார். 1660 நவம்பரில், ஒரு பண்ணைவீட்டுக் கூட்டத்தில் அவரைப் பிடித்தனர். பிடியாணை பிறந்த செய்தி முன்னரே அவர் செவிக்கு எட்டியிருந்தது. எனினும் அவர் ஓடி ஒளிந்திலர். கூடியிருந்தோர் கையில் வேதப் புத்தகமன்றி வேறு ஆயுதமும் இல்லை.

1661 ஜனவரியில் விசாரணை நடந்தது. 1593-ஆம் ஆண்டில், எலிசபெத் அரசி காலத்தில் இயற்றிய பழைய சட்டமொன்றை அவர்மீது ஏவினர். மூன்று மாதச் சிறை. அதன் பின்னும் பணியாவிடில் நாடு கடத்தல். அனுமதியின்றித் திரும்பி வந்தாற் தூக்கு. இதுவே தீர்ப்பு. நாடு கடத்தினாரில்லை; விடுவித்தாருமில்லை. மூன்று மாதம் பன்னீராண்டாயிற்று.

வீட்டில் இருந்தவர் இளைய மனைவி எலிசபெத்து. கணவர் பிடிபட்ட அதிர்ச்சியில் குறைப்பிரசவமுற்றுக் குழந்தையை இழந்தவர். மூத்தாள் மக்கள் நால்வரைக் காக்கும் பொறுப்பும் அவர்மேல் வீழ்ந்தது. நால்வருள் மூத்த மேரி பார்வையற்றவள். அவ்வம்மையார் 1661 ஆகஸ்டில் நீதிபதிகள் முன் நேரிற் சென்று வழக்காடினார். நீதிபதி மாத்தியு ஹேல் இரங்கினார்; இரங்கியும் விடுவிக்க வழி கண்டிலர். சிறைக்குள்ளே பன்யன் நாடாக்களுக்கு உலோகமுனை கட்டி, அதனால் வந்த சிறு கூலியால் குடும்பத்தைத் தாங்கினார்.

இவ்விடத்தில் நேயர்கள் ஒன்றைக் கருதவேண்டும். இனிப் பிரசங்கம் செய்யேன் என்று வாக்களிக்க இசைந்திருந்தால் அச்சிறைக்கதவு திறந்திருக்கும். திறவுகோல் அவர் நாவிலேயே இருந்தது. பன்னீராண்டும் நாள்தோறும் அதனை எடுக்காதிருந்தார் என்பதே அவர் செய்த ‘கலகம்’.

இனி நூலுக்கு வருவோம். ‘மோட்சப் பிரயாணம்’ என்று தமிழ் வசனத்திலும் வழங்கும் இந்நூலின் முதற்பாகம் 1678-இல் வெளிவந்தது. எனினும் அதனைச் சிறையிலேயே தொடங்கினார் என்பது ஆராய்ச்சியாளர் பலர் துணிபு. உலகமாகிய வனத்தில் நடந்து களைத்த ஒருவன், ஒரு குகையிற் படுத்துறங்கிக் கனாக் காண்கிறான்; அக்கனவே கதை. அக்குகை யாதென்பதைப் பின்வந்த பதிப்பின் ஓரக்குறிப்பு ஒரே சொல்லாற் காட்டுகிறது: சிறை. ஆதலின் நூல் முழுதும் சிறையிற் கண்ட கனவென்று ஆசிரியரே நமக்கு அறிவிக்கின்றார். பிற்பகுதியில், நிராசை என்னும் அரக்கன் யாத்திரிகர் இருவரைத் தன் கோட்டையில் அடைக்கிறான். நாள்பல வருந்திய பின்னர், அவருள் ஒருவன் தன் மார்பகத்தே ‘வாக்குறுதி’ என்னும் திறவுகோல் இருத்தலை உணர்கிறான். பெட்போர்டுச் சிறையைத் திறக்கவல்லதும் ஒரு வாக்குறுதியே. ஆயின் அது மௌனத்திற்குத் தரும் வாக்குறுதி. அதனை மறுத்தவர், தாம் நம்பிய கடவுளின் வாக்குறுதியைக் கதையில் திறவுகோலாக்கினார். அவர் வாழ்வை அறியாதார்க்கு இவ்விடம் வெறும் உருவகமாகவே தோன்றும்.

நூலின் உயிர்நிலை மாயச்சந்தையில் நிகழும் விசாரணையாகும். பட்டமும் பதவியும் நாடும் உயிரும் விலைபோகும் அச்சந்தையில், யாத்திரிகர் இருவர் நுழைந்து, யாம் உண்மையையன்றி வேறொன்றும் வாங்கேம் என்கின்றனர். வாணிகத்திற்கு இடையூறு என்று அவரைக் கூண்டிலடைத்து வேடிக்கைப் பொருளாக்குகின்றனர். அவரோ வசைக்கு வசை கூறாது பொறுத்திருக்கின்றனர். அப்பொறுமை கண்டு சந்தையாருள்ளே சிலர் மனம் மாறுகின்றனர். அதுவே பெருங்குற்றமாகிறது! நீதிபதியின் பெயர் நன்மைப்பகைஞன். சாட்சிகள் பொறாமை, மூடபக்தி, கோள்சொல்லி என்போர். ஜூரிமாரின் தலைவன் குருடன். வன்மன், பொய்யன், கொடியோன், ஒளிவெறுப்பான் முதலியோர் உடனிருக்கின்றனர். நீதிபதி சட்டத்தின் மேற்கோள் காட்டுகிறான்: குழந்தைகளை ஆற்றில் எறியச் சொன்ன பாரவோனின் சட்டம், சூளையில் எறியச் சொன்ன நேபுகாத்நேச்சாரின் சட்டம், சிங்கக் குகையில் தள்ளச் சொன்ன தரியுவின் சட்டம். மூன்றும் முறைப்படி இயற்றிய சட்டங்களே. சட்டம் என்ற ஒன்றாலே கொடுமை நீதியாகிவிடுமோ என்னும் வினாவை இதனினும் எளிதாகக் கேட்டவர் யார்? தம்மை விசாரித்தவரைப் பன்யன் ஏசவில்லை. அம்மன்றத்தின் குணங்களுக்குப் பெயரிட்டார், அவ்வளவே. பாத்திரம் அடைத்தவரின் நாட்டுப்புற மொழியில் அமைந்தமையால், அப்பெயர்களைப் பண்டிதரும் உணர்வர், பாமரரும் உணர்வர்.

நிற்க. குணம் நாடியது போலக் குற்றமும் நாடுதல் திறனாய்வோன் கடன். இதே நூலில் மற்றொரு குகை வருகிறது. அதில் அரக்கர் இருவர். ஒருவன் பெயர் புறச்சமயம், அவன் மாண்டொழிந்தான். மற்றவன் பெயர் போப்பு. மூப்பினால் மூட்டு விறைத்து, வழிச்செல்வோரைப் பிடிக்கமாட்டாமல் நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறான். 1555 முதல் 1558 வரை, கத்தோலிக்க அரசியாகிய மேரியின் ஆட்சியில், ஏறக்குறைய 280 சீர்திருத்தக் கிறிஸ்தவர் எரிக்கப்பட்டனர். அந்நினைவே இவ்வரக்கனைப் படைத்தது. ஆயின் 1678-இல் இங்கிலாந்துக் கத்தோலிக்கர் ஒடுக்குவோராக இருந்தாரல்லர். தாமே ஒடுக்குண்ட சிறுபான்மையோர். அவ்வாண்டின் பிற்பகுதியில் டைட்டஸ் ஓட்ஸ் என்பவன் கட்டிய பொய்ச்சதிக் கதையால் குற்றமற்ற கத்தோலிக்கர் பலர் உயிரிழந்தனர். அயர்லாந்துப் பேராயர் ஆலிவர் பிளங்கட் 1681-இல் தூக்கேறினார். மாயச்சந்தை விசாரணை மெய்யாகவே நடந்தேறியது; இம்முறை கூண்டில் நின்றவர் பன்யனது கூட்டத்தாரல்லர், அவ்வளவே வேறுபாடு.

இன்னும் ஒன்று. பன்யன் 1656-இல் வெளியிட்ட முதல் நூல் குவேக்கர் என்னும் கூட்டத்தாரை மறுத்தெழுதியது. 1672-இல் இரண்டாம் சார்லஸ் மன்னரிடம் அக்குவேக்கர், சிறைப்பட்ட தம்மவர்க்கென ஒரு பெருமன்னிப்பைப் பெற்றனர். அப்பட்டயத்தில் பிற பிரிவினர் பெயரையும் சேர்த்துக்கொள்ள அவர்கள் இசைந்தனர். அப்பெயர்களுள் ஒன்று ஜான் பன்யன்! தம்மை மறுத்தவருக்கும் விடுதலை வேண்டினர் குவேக்கர். அவ்விடுதலையைப் பெற்றவரோ ஆறாண்டின் பின் வெளியிட்ட நூலில், வேறொரு சமயத்தாரின் தலைவரை அரக்கனாக்கி நகைத்தார். சிறை அவருக்கு வாய்மையைக் கற்பித்தது. பிறர் சிறையைக் காணும் கண்ணை முழுதும் அளிக்கவில்லை. அவர் 1688-இல் மறைந்தார். மறுவருடம் பிறந்த சமயப் பொறைச் சட்டமும் அவர் போன்ற சீர்திருத்தக் கூட்டத்தார்க்கே நிழல் தந்து, கத்தோலிக்கரை வெயிலில் நிறுத்திற்று. நூலின் குறையும் சட்டத்தின் குறையும் ஒன்றே.

இவையெல்லாம் பழங்கதை என்று தள்ளுவாரும் உளர். ஈரான் நாட்டில் பஹாய் சமயத்தைச் சேர்ந்த மஹ்வஷ் சாபெத் என்னும் ஆசிரியை, 2008-இல் பிடிபட்டு 2017 வரை சிறையிலிருந்தார். அங்கே அவர் இயற்றிய பாக்கள் 2013-இல் ஆங்கிலத்தில் நூலாயின. 2022-இல் அவரை மீண்டும் சிறையிலிட்டனர். பன்யனது நூலை ஓவாது புகழும் கிறிஸ்தவரும், கிருஷ்ண பிள்ளையின் கவியை இசையோடு பாடும் தமிழரும் இவ்வம்மையாரின் பெயரைக் கேட்டதுண்டோ?

கிருஷ்ண பிள்ளை வைணவக் குடியிற் பிறந்து, 1858-இல் தம் உள்ளம் தேறிய வழியே கிறிஸ்தவத்தைத் தழுவியவர். அவர் கொள்கை நமக்கு உடன்பாடாதல் வேண்டும் என்பதில்லை. பன்யனது கொள்கையும் அவ்வாறே. பஹாயரின் கொள்கையும் அவ்வாறே. நம்மோடு உடன்படுவோர்க்கு மட்டும் உரிமை கேட்பது உரிமை வேட்கையாகாது, அது கட்சிப்பற்று. ஆதலின், யாத்திரிகக் கதையைக் கையிலெடுக்கும் அன்பர்கள் மாயச்சந்தை விசாரணையைப் படித்து முடித்ததும், அரக்கர் குகையையும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பாராக. பன்யன் நிறுத்திய இடத்திலிருந்து மேலும் ஓரடி நடத்தல் படிப்பவர் கடமையாகும்.