உரோமைப் பயணம் தந்ததும் தராததும்

குழந்தை இயேசுவின் புனித தெரேசா எழுதிய ‘ஓர் ஆன்மாவின் வரலாறு’ நம்மிடையே பெயர் பெற்ற அளவுக்கு வாசிக்கப்பட்ட நூல் அன்று. சிறுமலர் என்னும் பெயரைப் பள்ளிகளுக்கெல்லாம் மகிழ்ந்து சூட்டினோம். அந்நூலில் அவர் தம் உரோமைத் திருப்பயணத்தை விவரிக்கும் பகுதியையோ மறையுரைகளில் ஒரு வீரக் கதையாகச் சுருக்கிவிட்டோம். பதினான்கு வயதுச் சிறுமி திருத்தந்தையின் காலடியில் மண்டியிட்டுக் கார்மேல் மடத்தில் சேர அனுமதி கேட்டாள், துணிவு வென்றது என்கிறோம். நூல் சொல்வது வேறு.

1887 நவம்பரில், திருத்தந்தை 13ஆம் சிங்கராயரின் குருத்துவப் பொன்விழாவையொட்டிப் பிரான்சு நாட்டிலிருந்து புறப்பட்ட திருப்பயணக் குழுவில், தெரேசா தம் தந்தை லூயி மார்ட்டினோடும் அக்காள் செலினோடும் இடம்பெற்றார். அதற்குமுன் அக்டோபர் 31 அன்று ஆயரைக் காணச் சென்றபோது, வயது கூடித் தோன்றும்படி கூந்தலை உயர்த்திக் கட்டிக்கொண்டதை அவர் மறைக்கவில்லை. உரோமையில் பழைய வட்டரங்கின் தடுப்பைத் தாண்டி அக்காளோடு இறங்கி, மறைச்சாட்சிகளின் குருதி தோய்ந்த மண்ணை முத்தமிட்டதையும் சொல்கிறார். புனித இடங்களில் பெண்கள் தடுக்கப்படுவதைக் கண்டு அவர் கொள்ளும் சினத்தை நம் மறையுரைகள் தொட்டதே இல்லை.

இது நாட்குறிப்பன்று என்பதை வாசகர் மறத்தலாகாது. ஏறக்குறைய எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1895இல், மடத்துத் தலைவியாயிருந்த தம் உடன்பிறந்த அக்காள் அன்னை ஆக்னஸ் பணித்தபடி எழுதியது. 1898இல் வெளிவந்த முதற்பதிப்பில் அவ்வன்னை செய்த திருத்தங்கள் ஆயிரக்கணக்கானவை. கையெழுத்துப் படிகள் உள்ளவாறு வெளியானது 1956இல்தான். (பழைய பதிப்புகளை அலமாரியில் வைத்திருப்போர் இதைக் கருத்தில் கொள்க.)

இப்பகுதியின் உயிர்நிலை திருத்தந்தையைச் சந்தித்த காட்சியில் இல்லை என்பது என் கருத்து. அது குருக்களைப் பற்றிய சில வரிகளில் இருக்கிறது. பாவிகளுக்காகச் செபிப்பது அவருக்கு விளங்கியிருந்தது. கார்மேல் கன்னியர் குருக்களுக்காக ஏன் செபிக்கவேண்டும் என்பதுதான் விளங்கவில்லை. குருக்களின் உள்ளம் மாசற்றது என்றே எண்ணியிருந்தார். அக்குழுவிலோ குருக்கள் பலர் இருந்தனர். ஒரே இரயிலிலும் ஒரே விடுதிகளிலும் ஒரு மாத காலம் அவர்களோடு பழகியபின், அவர்களும் வலுவற்ற மனிதரே என்று கண்டுகொண்டார். யாரையும் பெயர் சொல்லிப் பழிக்கவில்லை. எதைக் கண்டார் என்றும் விவரிக்கவில்லை. தம் அழைத்தலின் பொருளை இத்தாலியில் கற்றதாகவும், அதற்காக அவ்வளவு தொலைவு சென்றது தகுமென்றும் மட்டும் குறிப்பிடுகிறார். கண்டதனால் அவர் கசப்படையவில்லை. எதற்காக மடம் புகவேண்டும் என்பது அவருக்குத் தெளிவாயிற்று. இளையோரைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு திருத்தலங்களுக்குச் செல்லும் குருவுக்கு இது எளிதான வாசிப்பு அன்று. அவர்கள் திருத்தலத்தைப் பார்க்கும் நேரத்தைவிட நம்மைப் பார்க்கும் நேரமே மிகுதி.

நவம்பர் 20 அன்று நடந்த சந்திப்போ, உலகக் கணக்கில் தோல்வி. திருத்தந்தையிடம் பேசக்கூடாதென முதன்மைக் குரு தடைவிதித்திருந்தார். செலின் தூண்ட, தெரேசா பேசிவிட்டார். மேலாளர் சொல்வதைச் செய்யுமாறும், இறைவன் திருவுளமானால் நுழைவாய் என்றும் விடை வந்தது. எழ மறுத்தவரைக் காவலர் தூக்கி அப்புறப்படுத்தினர். அன்று வானமும் கருத்திருந்ததாக எழுதும் இடத்தில் அக்காலப் பிரெஞ்சு பக்தி நடையின் மிகை தென்படுகிறது. இந்த இனிப்பு எனக்கு எப்போதும் உவப்பன்று. ஆயினும், குழந்தை இயேசு துளைத்துப் பார்த்துவிட்டுக் கைவிட்ட விளையாட்டுப் பந்தாகத் தம்மைச் சித்திரிக்கையில், அவ்வினிப்புக்குள் இருக்கும் கசப்பு நாவில் தட்டுகிறது.

1997 ஆகஸ்டில் பாரிசில் நடந்த உலக இளைஞர் நாளின்போதுதான், தெரேசாவை மறைவல்லுநராக அறிவிக்கப்போவதைத் திருத்தந்தை 2ஆம் அருள் சின்னப்பர் வெளியிட்டார். அத்தகைய பெருங்கூட்டங்களுக்குப் பின் எத்தனை பேர் குருமடத்துக்கும் கன்னியர் மடத்துக்கும் பெயர் கொடுத்தனர் என்று எண்ணுவது இன்று வழக்கமாகிவிட்டது. தெரேசா சென்ற பயணத்தை இவ்வாறு அளந்திருந்தால் விடை சுழியம்தான். ஏற்கெனவே அழைத்தலை உணர்ந்திருந்த ஒருத்தி, கேட்டது கிடைக்காமல் அழுதுகொண்டே வீடு திரும்பினாள் என்றுதான் அறிக்கை எழுதியிருப்போம்.

நூலின் அளவுகளையும் சற்றுக் கவனிக்கலாம். பயணத்துக்குப் பக்கங்கள் பல. ஆயரின் இசைவு 1888 புத்தாண்டு நாளில் தெரியவந்ததும், தவக்காலம் கழியட்டும் என்று நுழைவு தள்ளிப்போடப்பட்டதும் விரைவாகச் சொல்லி முடிக்கப்படுகின்றன. உரோமைக்குப் போன நாள்களைவிட நெடியவை அக்காத்திருப்பின் மூன்று மாதங்கள். அவற்றில் நடந்தவை, தன் விருப்பத்தை அடக்குதல், ஒரு சொல்லை விழுங்குதல், பிறருக்குச் சிறு பணிவிடை செய்தல் ஆகியவையே. ஏப்ரல் 9 அன்று கதவு திறந்தது.