டக் என்று ஒரு சத்தம்

எங்கள் வீட்டு ரைஸ் குக்கரில் ஒரே ஒரு பொத்தான்தான். அழுத்தினால் வேகும்; வெந்ததும் ‘டக்’ என்று தானே மேலே எழும்பும். அதற்கு மணி பார்க்கத் தெரியாது, சூடுதான் தெரியும். அடித்தட்டின் நடுவில் ஸ்பிரிங் மேல் நிற்கும் குமிழுக்குள் காந்தம் இருக்கிறது. தண்ணீர் உள்ளவரை பாத்திரம் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். அரிசி அத்தனையையும் குடித்து முடித்ததும் சூடு ஏறும். சற்று மேலே போனதும் காந்தத்தின் பிடி விட்டுப்போகும். எத்தனை அழகான ஏற்பாடு! 1955-இல் ஜப்பானில் தோஷிபா முதல் தானியங்கிக் குக்கரை விற்ற நாளிலிருந்து அடிப்படை இதுதான்: தண்ணீர் தீர்ந்தால் சூடு ஏறும்.

ஆகவே உள்பாத்திரத்தின் அடியை ஈரமில்லாமல் துடைத்து வையுங்கள். ஒரு பருக்கை ஒட்டியிருந்தாலும் குமிழ் சரியாகப் பதியாது.

பொன்னிப் புழுங்கலை மூன்று தண்ணீர் களைந்து, அரைமணி ஊறவைத்து, ஒன்றுக்கு இரண்டரை தண்ணீர் வைப்பேன். பழைய அரிசி என்றால் இன்னும் கால் டம்ளர். ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டால் கஞ்சி பொங்கி வழியாது.

‘டக்’ கேட்டதும் திறக்கக் கூடாது. பத்து நிமிடம் பொறுக்க வேண்டும். மேலே ஈரம், கீழே இறுகல் என்றிருந்த சோறு அந்த நேரத்தில்தான் சமமாகும். பிறகு மூடியைத் தூக்கினால், சோற்றின் மேல் ஆவி வந்த வழியெல்லாம் சின்னச் சின்னத் துளைகள், ஈர மணலில் நண்டு வளைகளைப் போல.