டாரட் சீட்டும் ஓவியப் பொருத்தமும்: ஒரு வியாபாரியின் மதிப்பீடு

டாரட் சீட்டு பார்த்துப் பலன் சொல்வது மும்பைக்குப் புதிதல்ல. நம் தமிழ்க் குடும்பத்துப் பெண்கள் சிலரும் இதைக் கற்றுத் தொழிலாகவே செய்கிறார்கள். கற்க வருகிறவர் முதலில் கேட்பது, "எந்தக் கட்டு வாங்கலாம்?" என்பதுதான். "உங்க மனசுக்கு எது பிடிக்குதோ அதை வாங்குங்க" என்று பதில் வரும். அந்தப் பதில் போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். கண்ணுக்குப் பிடித்த படம் வேறு, வாய்க்குப் பேச்சைத் தரும் படம் வேறு.

இதைச் சொல்ல இவன் யார் என்று அன்பர்கள் கேட்கலாம். கல்யாணப் பத்திரிகை அட்டையும் காலண்டரும் விற்பது என் தொழில். ஒரு படத்தைக் கையில் வாங்கியதும் மனுஷன் முகம் எப்படி மாறுகிறது என்பதை நாற்பது ஆண்டுகளாகக் கல்லாவிலிருந்து பார்த்து வருகிறேன். வினைப்பயனை நம்பும் சமணக் குடியில் பிறந்தவன் நான். நாளை நடப்பதைச் சீட்டு காட்டும் என்று வாதாட வரவில்லை. ஆனால் ஒரு படத்தை நடுவில் வைத்து இரண்டு பேர் மனம்விட்டுப் பேசுகிறார்கள். அந்தப் பேச்சுக்கு எந்த ஓவியம் துணை, எது இடைஞ்சல் என்பதை ஆராயலாம் அல்லவா?

1. பழமை என்னும் மயக்கம்

டாரட் எகிப்து ஞானிகள் தந்த மறைநூல் என்று இன்றும் சிலர் சொல்வார்கள். 1781இல் கூர் த ஜெபலின் என்ற பிரெஞ்சு அறிஞர் கிளப்பிவிட்ட கருத்து அது. உண்மையில் இது 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் தோன்றிய சீட்டாட்டம். மிலான் பிரபுக்களுக்காகத் தங்கத் தகடு ஒட்டிக் கையால் தீட்டிய சீட்டுகள் இன்றும் உள்ளன. குறி சொல்வது பெருவழக்காக ஆனது 18ஆம் நூற்றாண்டுப் பிரான்சில்தான். மைக்கேல் டம்மெட் என்ற ஆக்ஸ்போர்டு தத்துவப் பேராசிரியர் 1980இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக நிறுவியுள்ளார்.

இதை அறிவதால் ஒரு நன்மை உண்டு. எந்தக் கட்டின் படமும் வேதவாக்கு அல்ல. ஒவ்வொன்றும் ஓர் ஓவியர் செய்த முடிவு. ஆகவே தைரியமாக ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

2. ஐந்து காசு: ஒரே சீட்டு, மூன்று ஓவியம்

டாரட் கட்டில் 78 சீட்டுகள். 22 பெருஞ்சீட்டுகள், மீதி 56ம் கோல், கிண்ணம், வாள், காசு என நான்கு இனம். இவற்றில் 'ஐந்து காசு' என்ற ஒரு சீட்டை மட்டும் மூன்று புகழ்பெற்ற கட்டுகளில் எடுத்துப் பார்ப்போம்.

முதலாவது மார்சேய் கட்டு. மர அச்சில் கோடு பதித்து, சில வண்ணங்களே பூசிய பழைய பிரெஞ்சு மரபு. இதில் ஐந்து காசு என்றால் நான்கு மூலையில் நான்கு, நடுவில் ஒன்று, சுற்றிலும் கொடி வேலைப்பாடு. அவ்வளவுதான். மனிதரும் இல்லை, கதையும் இல்லை. எண்ணையும் இனத்தையும் வைத்து, பக்கத்துச் சீட்டோடு கணக்குப் போட்டுப் பேசுகிறவருக்கே இது கை கொடுக்கும்.

இரண்டாவது 1909இல் லண்டன் ரைடர் நிறுவனம் வெளியிட்டது. திட்டம் ஏ. ஈ. வெய்ட், ஓவியம் பாமெலா கோல்மன் ஸ்மித். இங்கே பனி கொட்டுகிறது. கிழிந்த உடையில் ஒரு பெண்ணும், ஊன்றுகோலோடு ஒரு மனிதனும் நடக்கிறார்கள். அவர்கள் தலைக்கு மேலே வண்ணக் கண்ணாடிச் சன்னல், உள்ளே வெளிச்சம். ஐந்து காசும் அந்தச் சன்னலில்தான் இருக்கின்றன. வாசற்கதவு படத்தில் இல்லை. கடையில் நஷ்டப்பட்டு வந்தவரிடம் இந்தப் படத்தை நீட்டி, "இந்த வெளிச்சத்தை இவங்க ஏன் நிமிர்ந்து பார்க்கலை?" என்று கேட்டாலே போதும். யாரிடம் உதவி கேட்கக் கூச்சப்பட்டார் என்று அவரே சொல்லத் தொடங்கிவிடுவார்.

மூன்றாவது தோத் கட்டு. அலிஸ்டர் குரோலியின் கருத்துப்படி ஃப்ரீடா ஹாரிஸ் அம்மையார் 1938 முதல் 1943 வரை தீட்டியது. கட்டாக அச்சேறியது 1969இல். இந்த அம்மையார் கடைசிக் காலத்தில் இந்தியாவுக்கு வந்து 1962இல் ஸ்ரீநகரில் மறைந்தார் என்பது நாம் அறிய வேண்டிய செய்தி. இவருடைய ஐந்து காசில் பற்சக்கரம் போல வட்டங்கள் ஒன்றையொன்று அழுத்தி நிற்கின்றன. கீழே 'கவலை' என்ற பொருளில் ஓர் ஆங்கிலச் சொல் அச்சாகியிருக்கிறது. ஓவியத் திறனில் மூன்றிலும் இதுவே மேல் என்பேன். ஆனால் வந்தவர் முதலில் படிப்பது அந்தச் சொல்லைத்தான். இதே கட்டில் பத்து வாளுக்கு 'நாசம்' என்று பொருள்படும் சொல். அதைப் படித்துவிட்டு எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் நீங்கள் என்ன ஆறுதல் சொல்வீர்கள்? தத்துவம் பயின்றவர் தனியே வைத்துச் சிந்திக்க இது உயர்ந்த கட்டு. ஊராருக்குப் பலன் சொல்ல ஏற்றதல்ல என்பது என் முடிவு.

3. பெயர் விடுபட்ட ஓவியர்

ஸ்மித் நாடக மேடையோடு பழகியவர். லண்டன் லைசியம் நாடகக் குழுவோடு இருந்தவர்; சிறு பொம்மை அரங்கு செய்து கதை சொன்னவர். அவருடைய பல சீட்டுகளில் தரைக்கும் பின்னணிக்கும் நடுவே ஒரு கோடு ஓடும். ஆட்கள் மேடையில் நிற்பது போலவே நிற்பார்கள். 56 சிறு சீட்டுகளையும் காட்சியாக்கியதில் அவருக்கு ஒரு முன்னோடி உண்டு. 15ஆம் நூற்றாண்டின் சோலா புஸ்கா என்ற இத்தாலியக் கட்டின் புகைப்படங்கள் 1907இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்தன. வாள் துளைத்த இதயம் வரும் 'மூன்று வாள்' இரண்டிலும் ஒன்றுபோல இருப்பதைப் பார்த்தால் அவற்றை அவர் கண்டிருப்பார் என்றே தோன்றுகிறது. ஆனால் அந்த இத்தாலியக் கட்டில் இல்லாத மன நெருக்கம் இவருடையது.

இவ்வளவு செய்தவரின் பெயர் கட்டின் பெயரில் ஏறவில்லை. பதிப்பாளர் பெயரும் திட்டமிட்டவர் பெயரும் சேர்த்து 'ரைடர்-வெய்ட்' என்றே நெடுங்காலம் விற்றார்கள். 1951இல் கடனோடு மறைந்தார். சீட்டின் ஓரத்தில் பின்னிய எழுத்தாக அவர் இட்ட முத்திரை மட்டும் மிஞ்சியது. பலன் சொல்லிப் பிழைக்கிறவர்கள் அவர் பெயரைச் சொல்லிவிட்டுத் தொடங்குவது நியாயம்.

4. நாவல் மரமும் ஆறு பேரும்

எங்கள் சமண மரபில் லேஸ்யை என்ற கோட்பாட்டுக்கு ஒரு படம் வரைவதுண்டு. பழுத்த நாவல் மரம். பசியோடு ஆறு பேர். ஒருவன் வேரோடு வெட்டப் பார்க்கிறான். ஒருவன் பெருங்கிளையை, ஒருவன் சிறு கிளையை, ஒருவன் கொத்தை, ஒருவன் பழத்தை மட்டும். ஆறாமவன் கீழே விழுந்ததைப் பொறுக்கித் தின்கிறான். கருமை முதல் வெண்மை வரை ஆறு நிறம் ஆறு பேருக்கும். மரம் ஒன்றுதான், அணுகுகிறவன் மனநிறம்தான் வேறு.

டாரட் ஓவியத்துக்கும் இந்த அளவுகோலை வைக்கலாம். 'மரணம்' என்ற 13ஆம் சீட்டைப் பாருங்கள். மார்சேயில் எலும்புக்கூடு அரிவாளால் அறுக்கிறது. தலையும் கையும் தரையில் கிடக்கின்றன. ஸ்மித் படத்தில் கவசமணிந்த எலும்புக்கூடு வெள்ளைக் குதிரையில் வருகிறது. அரசன் விழுந்து கிடக்கிறான். மதகுரு கை கூப்புகிறார். இளம்பெண் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். குழந்தை மட்டும் நேராகப் பார்க்கிறது. தூரத்தில் இரு கோபுரங்களுக்கு இடையே சூரியன். மரணத்தின் முன் நான்கு மனநிலை ஒரே சீட்டில். ஆஸ்பத்திரியில் தகப்பனாரைச் சேர்த்துவிட்டு வருகிற மகனுக்கு இந்தச் சீட்டு வந்தால், "இதில் நீங்கள் யார்?" என்று கேட்க இடமிருக்கிறது. மார்சேயில் அதே இடம் இல்லை. சொல்கிறவர் தாமே அதை உண்டாக்க வேண்டும். அதற்கு அனுபவம் வேண்டும். வந்தவர் பயந்து வீடு திரும்பினால் அந்தப் பாவம் அச்சிட்டவனைச் சேராது, சொன்னவரையே சேரும்.

5. வாங்குமுன் பார்க்க வேண்டியவை

இனி வியாபாரியாகச் சில வார்த்தை. கட்டின் பெட்டி மேல் இருக்கும் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். சூரியன், சந்திரன், காதலர் ஆகிய சீட்டுகளை எல்லாரும் அழகாகவே போடுவார்கள். பூனை, பூ, தேவதை என்று இன்று வரும் புதுக் கட்டுகளில் பல, பெருஞ்சீட்டில் காசைச் செலவழித்துவிட்டுச் சிறு சீட்டில் கை விட்டவை. ஐந்து காசு, எட்டு வாள், ஆறு கிண்ணம் இம்மூன்றையும் காட்டச் சொல்லுங்கள். புத்தகத்தைத் திறக்காமல் ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேள்வி உங்கள் வாயில் வருகிறதா? வந்தால் அது உங்கள் கட்டு.

சீட்டைக் கை நீளத் தூரத்தில் வைத்துப் பாருங்கள். முகங்கள் தெரிய வேண்டும்; வந்தவரும் பார்க்க வேண்டுமே! தலைகீழாக வரும் சீட்டுக்கும் பலன் சொல்கிறவரானால், பின்பக்க டிசைன் எப்படித் திருப்பினாலும் ஒன்றுபோல இருக்க வேண்டும். அதிகப் பளபளப்பு லேமினேஷன் டியூப்லைட்டில் கண்ணைக் கூசும். பாமெலா படங்களுக்குப் பிரிட்டனில் காப்புரிமை 2021 முடிவோடு தீர்ந்துவிட்டதால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். ஆகவே மலிவுப் பதிப்புகளில் கோடு மங்கி, வண்ணம் ஏறி, குழந்தையின் கண்ணே தெரியாமல் போவதுண்டு. கண் தெரியாவிட்டால் மேலே சொன்ன மரணச் சீட்டில் பாதிப் பொருள் போயிற்று.

தொகுத்துச் சொன்னால்: கணக்காகப் பேசுகிறவருக்கு மார்சேய், தனியே தியானிப்பவருக்கு தோத், எதிரே ஒரு மனிதரை உட்கார வைத்துப் பேசுகிறவருக்கு ஸ்மித் வழி வந்த கட்டு. நம் ஊர்க் கிளி ஜோசியர் சாமி படத்தை விரித்ததும் எதிரே இருப்பவர் கும்பிட்டுக்கொள்வார்; படமே பாதி ஆறுதல். டாரட்டில் அந்த ஆறுதல் தானாக வராது. அதைத் தரக்கூடிய படத்தைத் தேடிப் பிடிப்பது பலன் சொல்கிறவரின் கடமை.