பின்குறியில் ஒரு துளை

யுத்தத்திற்கென்று செய்யப்பட்ட துப்பாக்கியில் தொழில் நுட்பத்தைத் தேடுகிறவர்கள், அதன் குழலையும் பூட்டையும் மரக்கட்டையையும் வியந்து பேசிவிட்டு, அவையனைத்தையும் மனிதனுடைய கண்ணோடு இணைத்துவைக்கிற இரண்டு சிறு இரும்புத் துண்டுகளை, அதாவது குழலின் முனையில் நிற்கும் முன்குறியையும் கண்ணுக்கு அண்மையில் நிற்கும் பின்குறியையும், பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. என் ரஸனை அவ்விரண்டிலேதான் போய் நிலைத்தது. அவற்றிலும், நம் நாட்டுப் போலீஸ் நிலையங்களிலும் என்.சி.சி. முகாம்களிலும் ‘த்ரீ நாட் த்ரீ’ என்று வழங்கிவந்த லீ-என்ஃபீல்டு ரைபிளின் குறிகள் படிப்படியாகத் திருந்திய விதத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உண்டாகும் திருப்தி சாமானியமானதன்று.

1907-ஆம் ஆண்டில் வந்து, பிறகு வங்காளத்து இச்சாப்பூர்த் தொழிற்சாலையிலும் நெடுங்காலம் உற்பத்தியான பழைய மாதிரியில், பின்குறி என்பது குழலின்மேலேயே, கண்ணுக்கு எட்டத்தில் அமைந்த ஒரு வெட்டுப்பள்ளம். அந்தப் பள்ளத்தையும், முன்குறித் தகட்டையும், தூரத்து இலக்கையும் ஒரே சமயத்தில் தெளிவாகக் காண வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் ஒரு கணத்தில் ஒரு தூரத்தை மட்டுமே தெளிவாகப் பற்றும் சுபாவமுடைய கண்ணுக்கு அது இயலாத காரியம். வயது ஏற ஏற அந்த இயலாமை பெருகவும் செய்யும். போதாதற்கு இரு குறிகளுக்கும் இடையே இருந்தது ஏறக்குறைய 19 அங்குலந்தான். இடைவெளி குறையக் குறைய, குறியில் நேரும் அற்பப் பிசகும் இலக்கில் பெரிதாகத் தெரியும். இந்த நிலையிலும் அதே துப்பாக்கியின் இடப்பக்கத்தில், படை முழுதும் ஒருங்கே சுடுவதற்காக, 2800 கெஜம் வரை அளவு பொறித்த தனிக் குறியொன்றையும் அமைத்திருந்தார்கள். முதல் உலக யுத்தத்தின் நெருக்கடியில், 1916-இல், அதுவும் போயிற்று. பின்குறியைப் பக்கவாட்டில் நகர்த்தும் திருகும் போயிற்று.

இரண்டாம் யுத்தத்தில் படையினர் கைக்கு வந்த நாலாம் எண் ரைபிளில்தான் உண்மையான மாறுதல் நிகழ்ந்தது. பின்குறி குழலை விட்டுப் பின்னேறி, கண்ணுக்கு அருகே வந்து அமர்ந்தது. பள்ளத்துக்குப் பதிலாக ஒரு வட்டத் துளை வந்தது. இரு குறிகளுக்கும் இடைத்தூரம் ஏறக்குறைய 29 அங்குலமாக நீண்டது. துளையின் மகிமை என்னவென்றால், அதை யாரும் உற்றுப் பார்க்க வேண்டியதில்லை. அதனூடே நோக்கினால் போதும். வெளிச்சம் மிகுந்த மத்தியப் புள்ளியைக் கண் தானாகவே நாடிக்கொள்ளும். அன்றியும், சிறு துளை வழியே புகும் ஒளி, அண்மையிலுள்ள முன்குறியையும் சேய்மையிலுள்ள இலக்கையும் ஒருசேரத் தெளிவாக்குகிறது. கண்ணின் வேலையைக் கூட்டாமல் குறைப்பதே குறியின் சீர்திருத்தம் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். நான் கண்ட நல்ல மாற்றங்களெல்லாம் இந்தத் திசையிலேயே சென்றவை. உருக்கைக் குடைந்து, 200 முதல் 1300 கெஜம் வரை திருகால் ஏற்றி இறக்கும்படி செய்த முதல் மாதிரிப் பின்குறி நேர்த்தியானது. யுத்த அவசரத்தில் தகட்டை மடித்து, 300-க்கு ஒரு துளையும் 600-க்கு ஒரு துளையுமாகச் செய்த எளிய மாதிரியும் தன் காரியத்தைக் குறைவறச் செய்தது.

இனி, ஜீரோ செய்யும் கலை, அதாவது குறி காட்டும் இடத்திலேயே குண்டு விழும்படி குறிகளைச் சரிசெய்வது. முன்குறித் தகடு ஒரே உயரத்தில் வருவதில்லை. அங்குலத்தில் 1000-க்கு 15 பங்கு வித்தியாசத்தில் வரிசையாக வரும். ஒரு படி உயர்ந்த தகட்டை மாட்டினால், 100 கெஜத்தில் குண்டு ஏறக்குறைய 2 அங்குலம் தாழ்ந்து விழும். பக்கப் பிழையைத் திருத்துவதற்கு, படையின் ஆயுதங்களைச் செப்பனிடும் ஆர்மரர் ஒரு சிறு பிடிப்புக் கருவியை முன்குறியின் அடியில் பொருத்தி, அதன் திருகைக் கண்ணுக்குப் புலப்படாத அளவு முடுக்குவார். தகடு தன் காடியில் முனகிக்கொண்டு நகரும். குண்டு வலப்பக்கம் போனால் முன்குறியையும் வலப்பக்கமே தள்ள வேண்டும், பின்குறியையானால் இடப்பக்கம் தள்ள வேண்டும் என்பது புதியவரைத் திகைக்கவைக்கும். கைப்பழக்கம் உள்ளவரோ சுட்ட காகிதத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசாமல் திருகைத் தொடுவார்.

படையின் தேவைக்கு இவ்வளவு போதும், பந்தயக்காரருக்குப் போதாது. அவர்களுக்காகப் பர்மிங்ஹாம் நகரத்துப் பார்க்கர்-ஹேல் கம்பெனியார் செய்த ‘5-சி’ பின்குறியைக் கையில் எடுத்துப் பார்ப்பதே ஓர் ஆனந்தம். உயரத்துக்கு ஒரு குமிழ், பக்கத்துக்கு ஒரு குமிழ். திருப்பினால் விரல் நுனி உணரும்படி ‘டிக்’ என்று ஒரு படி. ஒரு பாகையை 60 ஆகப் பகுத்தால் வருவது ஒரு கலை. அதிலும் கால் பங்குதான் அந்த ஒரு படி. அப்போது துளை நகர்வது அங்குலத்தில் 1000-க்கு 2 பங்கு, தலைமயிரின் தடிப்புக்கும் குறைவு. 100 கெஜத்தில் அது கால் அங்குலமாகவும், 1000 கெஜத்தில் இரண்டரை அங்குலத்துக்குச் சற்று அதிகமாகவும் விரிகிறது. திருகை ஏற்றிய அளவே இறக்கினால் பழைய இடத்துக்கே திரும்பி வருகிறதா என்பதுதான் இத்தகைய கருவிக்குப் பரீக்ஷை. தேய்ந்த மரையில் ஆட்டம் விழுந்துவிட்டால், எண் ஒன்று காட்டும், துளை வேறிடத்தில் நிற்கும். ஆகையால் அனுபவசாலிகள் எப்போதும் ஒரே திசையிலிருந்தே வேண்டிய எண்ணுக்கு வந்து சேருவார்கள். தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னுக்குச் சென்று மீண்டும் அதே வழியில் வருவார்கள். கண்ணருகே பொருத்தும் வட்டத் தகட்டில் ஆறு துளைகள் வரிசையாக இருக்கும். மேகம் மூடினால் பெரியது, வெயில் எரித்தால் சிறியது என்று விரலால் சுழற்றிக்கொள்ளலாம். பளபளக்கும் முன்குறியில் வெயில் பட்டுக் கண் ஏமாறாதிருக்க, அதைக் கற்பூரச் சுடரில் காட்டிக் கரி ஏற்றுவதும் இக்கலையில் ஓர் அங்கம்.

இத்தனை சூக்ஷ்மமும் எதற்கென்று கேட்பவருக்கு இங்கிலாந்தின் பிஸ்லி மைதானமே விடை. 1860-இல் விக்டோரியா ராணி முதல் வெடி சுட்டுத் தொடங்கிவைத்த போட்டி, 1890 முதல் அங்கே நடந்துவருகிறது. 1930-இல் அப்போட்டியின் அரசர் பரிசை மார்ஜரி ஃபாஸ்டர் என்ற பெண்மணி வென்று, அப்பரிசைப் பெற்ற முதல் மாது ஆனார். 1000 கெஜத்தில் மிதமான குறுக்குக் காற்றும் .303 குண்டைப் பல அடிகள் ஒதுக்கிவிடும். கொடித் துணியின் அசைவையும் தரையிலிருந்து நெளிந்தெழும் கானலின் சாய்வையும் பார்த்து, இத்தனை கலை என்று மனத்துக்குள் கணித்து, குமிழை அத்தனை படி திருப்பிச் சுடுபவரிடத்தில், கருவியின் நேர்மையும் மனிதருடைய விவேகமும் வேறுபிரிக்க முடியாதபடி ஒன்றிவிடுகின்றன.

5-சி பின்குறியில் நான் பெரிதும் போற்றும் குணம் இன்னொன்று உண்டு. துப்பாக்கியின் உடலில் புதிதாக ஒரு துளையும் போடாமல், படைப் பின்குறி இருந்த இடத்திலேயே இதனைப் பூட்டிவிடலாம். பழைய உருக்கைக் குடைந்து தொலைநோக்கியை ஏற்றிவிட்டு, அதையும் மேம்பாடு என்று சொல்லிக்கொள்வோர் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 5-சி-யைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டுப் படைப் பின்குறியை மீண்டும் மாட்டினால், சிப்பாயின் ரைபிள் ஒரு வடுவுமின்றிச் சிப்பாயின் ரைபிளாகவே இருக்கும்.